ரயில்பெட்டி டாக்டரம்மா

இது நடந்தது 2008-ஆம் வருடம், கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில். ரயிலில் தொடங்கி ஆஸ்பத்திரியில் முடிந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேர் செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து, டப்பா கட்டிக்கொண்டு, இருட்டிலேயே ரயில் ஏறுவேன். வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் இருட்டியிருக்கும். அல்சூரில் ஓர் அலுவலகத்தில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்பும் பதிவுகளை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். நான் படித்தது பி.காம். ஆனால் ஆறு வருடம் விடாமல் டாக்டர்களின் குரலைக் காதில் வாங்கியதில், பாதி டாக்டர் படிப்பை முடித்துவிட்ட மாதிரி எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அந்த நினைப்பை ஊதிப் பெரிதாக்கியது எங்கள் லேடீஸ் பெட்டி. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். பூ கட்டுவது, கீரை ஆய்வது, பிள்ளைகளின் பரீட்சைக்குச் சேர்ந்து வேண்டிக்கொள்வது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். மருந்தும் அப்படித்தான். தலைவலி என்று ஒருத்தி நெற்றியைத் தேய்த்தால் நான்கு கைப்பைகள் திறக்கும். ஒருத்திக்குக் கேட்ட மாத்திரை பெட்டி முழுவதற்கும் கேட்கும் என்பதில் எங்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. லீவு போட்டு டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார அங்கே யாருக்கும் வழியில்லை. அதனால் எந்த மாத்திரை எதற்கு என்று என்னிடம் கேட்பார்கள். நானும் சொல்வேன். "டாக்டரம்மா" என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள், ஆறு மாதத்தில் அதுவே என் பெயராகிவிட்டது.

அந்தப் பெயரை வைத்தது ஓர் அக்கா. எனக்கு முந்தைய ஸ்டேஷனில் ஏறி, எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பையப்பனஹள்ளியில் இறங்கி ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் தையல் வேலைக்குப் போவார். கணவர் சுரங்கத்தில் இருந்தவர், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். ஒரே பெண், பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்த அக்கா இல்லாத எனக்கு, ஐந்து வருடமாக அவர்தான் அக்கா.

முதலில் நோயாளியானது நான்தான். சுமார் இரண்டு வருடமாக உடம்பு முழுக்க வலி. இன்ன இடம் என்று சொல்லத் தெரியாது. குதிகால், கணுக்கால், முழங்காலுக்குக் கீழே எலும்பு, இடுப்பு என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடம். கன்டோன்மென்ட் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிடுவேன். எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்காத மாதிரியே எழுந்திருப்பேன். எங்கள் பக்கம் இதற்கு "சுஸ்து" என்ற ஒரே சொல்தான். சுஸ்தாக இருக்கிறது என்றால் ஒரு காபி குடி என்பார்கள். நான் குடித்த காபிக்கு ஒரு தோட்டமே வாங்கியிருக்கலாம்.

தைராய்டு பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. ஒரு டாக்டர் மன அழுத்தம் என்றார். இன்னொருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். வீட்டில் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நான் படுத்திருக்கும்போது பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுவார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான் சோம்பேறிதானோ, வலி என்பது நானாகக் கற்பித்துக்கொண்டதுதானோ என்று பயந்தேன். வலியைவிட அந்தப் பயம்தான் என்னை அதிகமாக வாட்டியது.

கடைசியில் அல்சூரில் எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன கிளினிக்கில், வயதான ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் கதை கேட்டுவிட்டு, கட்டை விரலால் என் முழங்காலுக்குக் கீழே எலும்பை ஓர் அழுத்து அழுத்தினார். நான் கத்திவிட்டேன். கை கழுவிக்கொண்டே, "வெயில்ல எப்பம்மா நிக்கிறே நீ?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். காலையில் இருட்டு, மாலையில் இருட்டு. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திரை கூசும் என்று ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருப்பார்கள். ஸ்டேஷனிலிருந்து அலுவலகம் வரை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நடப்பேன். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். கடைசியாக வெயிலில் நின்றது எப்போது என்று எனக்கு நிஜமாகவே ஞாபகம் வரவில்லை.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ஒற்றை இலக்கத்தில் இருந்தது. டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சின்னப் பொட்டலத்தில் வரும் வெள்ளைத் தூள், வாரத்துக்கு ஒன்று, பாலில் கலந்து குடிக்க வேண்டும், எட்டு வாரம். கூடவே தினம் ஒரு கால்சியம் மாத்திரை. "ஞாயிறு ஞாயிறு மட்டும். மறக்காதே, ஞாயிறு மட்டும்" என்று இரண்டு தடவை சொன்னார். மத்தியானச் சாப்பாட்டை அலுவலக மொட்டைமாடியில் சாப்பிடச் சொன்னார்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் ஒருநாள் மேம்பாலம் ஏறி மறுபக்கம் இறங்கிய பிறகுதான், நடுவில் நிற்கவே இல்லை என்பது உறைத்தது. அங்கேயே நின்று சிரித்தேன். என்னைக் கடந்து போன ஒருவர் பயந்து விலகிப் போனார். எனக்குக் கவலையில்லை. நான் சோம்பேறி இல்லை, பொய் சொல்லவில்லை, வலி நிஜம். அதற்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு மருந்தும் இருந்தது. அந்த நிம்மதியைச் சொல்லில் கொண்டுவர என்னால் முடியாது.

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் டாக்டரம்மா சும்மா இருப்பாளா? பெட்டியில் யார் இடுப்பைப் பிடித்தாலும் வைட்டமின் டி என்றேன். வெயிலைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். ஹெட்போனில் கேட்ட ஆங்கில வார்த்தைகளை நடுநடுவே தூவினேன்.

அக்காவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்து மணி நேரம் டியூப்லைட்டுக்குக் கீழே மிஷினில் உட்காருபவருக்கு வலிக்காமல் எப்படி இருக்கும்? "எனக்கும் உன் மாதிரியே சுஸ்து தங்கச்சி. எலும்புக்குள்ள யாரோ உக்காந்துகினு குடையற மாதிரி கீது" என்றார். டாக்டரிடம் போகச் சொன்னேன். "கம்பெனியில ஒருநாள் ரஜா எங்க குடுக்கிறான்? நீ சாப்ட்டதக் குடு, போதும்" என்றார். என்னிடம் மிச்சம் நான்கு பொட்டலங்கள் இருந்தன. எனக்கு எழுதிக் கொடுத்த எட்டுக்கு மேல், நான்கு சேர்ந்த ஒரு பட்டையை அதிகமாக வாங்கி வைத்திருந்தேன். மறுநாள் காலை கைப்பையில் போட்டு எடுத்து வந்தேன்.

வழியெல்லாம் வேறு பேச்சு. யாரோ ஒருத்தியின் மகளுக்கு வரன் வந்த கதை. பையப்பனஹள்ளி வந்து எல்லோரும் வாசலுக்கு முண்டியடிக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவசரமாகப் பொட்டலங்களை அவர் கையில் திணித்து, "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பால்ல கலந்து குடிக்கா" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே இறங்கிவிட்டார். நான் சொன்னது அவ்வளவுதான். வாரம் ஒன்று என்று சொல்லவில்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கவில்லை. சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவ்வப்போது கேட்பேன், "குடிக்கிறியாக்கா?" என்று. "தவறாம குடிக்கிறேன்" என்பார். இரண்டு பேருக்கும் திருப்தி. பொட்டலம் தீர்ந்ததும் காலி உறையைக் காட்டி ஊர் மருந்துக்கடையில் அவரே வாங்கிக்கொண்டார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் சாப்பிட்ட கால்சியம் மாத்திரையின் பெயரையும் நானே எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் அக்கா, "வெலதான் கொஞ்சம் கடிக்குது, பரவால்ல, ஒடம்புக்குன்னு பாத்தா முடியுமா?" என்றார். வாரத்துக்கு ஒரு பொட்டலம், இதில் என்ன பெரிய விலை என்று மனதுக்குள் நினைத்தேன். நினைத்தேனே தவிர கேட்கவில்லை. அந்தக் கேள்வியை வாய் திறந்து கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் மூன்று வாரம் வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்றார். என் பெருமை இன்னும் ஏறியது. ஆறாவது ஏழாவது வாரம் வாக்கில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டுபோக ஆரம்பித்தார். வாய் கசக்கிறது என்றார். இரண்டு பாட்டில் தண்ணீரைக் காலை ரயிலிலேயே காலி செய்தார். மலச்சிக்கல், வாந்தி. கேஸ் தொந்தரவாக இருக்கும் என்று பெட்டியே சேர்ந்து தீர்ப்பு சொன்னது. தீர்ப்பைப் படித்தவள் நான்தான். அடுத்த வாரம் அவர் ரயிலுக்கு வரவில்லை.

நான்கு நாள் கழித்துச் சேதி வந்தது. நிற்க முடியாமல் விழுந்துவிட்டாராம், பேச்சு குழறுகிறதாம். ஊர் ஆஸ்பத்திரியில் முடியாது என்று பெங்களூருக்கே அனுப்பிவிட்டார்களாம். சொன்னவள் குரலைத் தாழ்த்தி, "ரத்தத்துல கேன்சர்னு சந்தேகப்படறாங்களாம்" என்றாள். பெட்டியில் அன்று யாரும் பூ கட்டவில்லை.

அன்று மாலை வேலையை முன்னதாக முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அக்கா கிடந்தார். பாதி உடம்பாக இளைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டில் கணவர் நின்றிருந்தார். பெண் தரையில் உட்கார்ந்து ஃபைலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்குத்தான் டாக்டருங்க ரிப்போர்ட் எல்லாம் புரியும்ல? இதப் பாருங்க" என்று ஃபைலை நீட்டினாள். ரத்தத்தில் கால்சியம் மிக அதிகம் என்று அடிக்கோடிட்டிருந்தது. சிறுநீரகமும் லேசாகத் தடுமாறியிருந்தது. இப்படிக் கால்சியம் ஏறினால் சில வகைக் கேன்சராக இருக்கலாம், நாளைக் காலை எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டு எடுத்துப் பார்க்கப் போகிறோம் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டதற்கு, இல்லை என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

கால்சியம் என்ற வார்த்தையைப் படித்த அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. இதே மாதிரி ரிப்போர்ட்டுகளை நான் எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். வைட்டமின் டி அளவுக்கு மேல் போனால் கால்சியம் ஏறும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்த விஷயம் தேவைப்பட்ட நேரத்தில் வராமல், இரண்டு மாதம் கழித்து வந்து நின்றது.

கட்டில் அருகே குனிந்து, "அக்கா, அந்தப் பவுடரு எப்படி எப்படிக் குடிச்சே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெனம்தான். நீ சொன்னாப்புல ராத்திரி பால்ல" என்றார் கண்ணைத் திறக்காமலே. "ஒருநாள் கூட வுடல தங்கச்சி."

எட்டு வாரத்துக்கு எட்டுப் பொட்டலம் போக வேண்டிய உடம்புக்குள் ஐம்பதுக்கும் மேல் போயிருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்று, அப்பாவுக்குக் கேட்காதபடி, "ஆன்ட்டி, கால்சியம் ஜாஸ்தின்னா கேன்சர்தானா? நெஜம் சொல்லுங்க" என்று கேட்டாள்.

என்னிடம் அந்த நிமிடம் பதில் இருந்தது. அந்த வார்டிலேயே, அந்த ஆஸ்பத்திரியிலேயே என் ஒருத்தியிடம்தான் பதில் இருந்தது. நான் அவள் தலையைத் தடவி, "பயப்படாதேம்மா, சாமி இருக்காரு" என்றேன். பிறகு கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருடம் கழித்தும் யோசிக்கிறேன். அக்காவின் கணவர் என்ன செய்வாரோ என்ற பயம் இருந்தது. போலீஸ், கேஸ், வேலை போய்விடும் என்று என்னென்னவோ மனதில் ஓடியது. நாளைக்கு டெஸ்ட் எடுத்தால் கேன்சர் இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும், நான் சொல்ல வேண்டிய தேவையே வராது என்றுகூடக் கணக்குப் போட்டேன். அதெல்லாம் வெளிக்காரணம். உள்ளே இருந்த காரணம் ஒன்றுதான். டாக்டரம்மா என்ற பெயர் போய்விடுமே என்று இருந்தது. இதை எழுதும்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. வீட்டுக்குப் போய் யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ரயிலில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். பார்த்தேன், பலவீனமாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அப்போது எதிர் இருக்கையில் புதிதாகக் கல்யாணமான ஒருத்தி, கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். அதே வெள்ளைத் தூள். "நானும் வாங்கிட்டேன் டாக்டரம்மா. அக்கா சொன்னாங்க, தெனம் ராத்திரி குடிக்கணும்னு. மூணு நாளா குடிக்கிறேன். பால் இல்லாம தண்ணியில கலக்கலாமா?"

அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வாரம் ஒன்றுதான் குடிக்க வேண்டும், அதுவும் பரிசோதனை செய்து டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான், நான் அதைச் சொல்லாமல் விட்டேன், அக்கா தினமும் குடித்திருக்கிறார், அவருக்கு வந்திருப்பது கேன்சர் அல்ல, நான் கொடுத்தது என்று சொன்னேன். மூலையில் உட்கார்ந்திருந்த, ஆயா வேலைக்குப் போகும் வயதான ஓர் அம்மா, "அழுதுகினு இங்க உக்காந்துகினு கீறியே, ஆஸ்பத்திரில சொல்ட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எங்ககிட்ட ஏன் சொல்றே? போ" என்றார்.

கன்டோன்மென்ட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். சிக்னல் ஒவ்வொன்றிலும் அந்த ஊசியை அதற்குள் போட்டிருப்பார்களோ என்று தவித்தேன். வார்டுக்குள் ஓடியபோது டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்திருந்தார்கள். அக்காவின் கட்டிலருகே ஓர் இளம் டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். கணவர் பக்கத்தில் கைகட்டி நின்றார். பெண் காபி வாங்கக் கீழே போயிருந்தாள்.

பொட்டலத்தை டாக்டரிடம் நீட்டினேன். எனக்கு வந்த கன்னடத்தில், இதை இவர் இரண்டு மாதமாகத் தினம் ஒன்று குடித்திருக்கிறார், கூடக் கால்சியம் மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார், கொடுத்தவள் நான், சரியாகச் சொல்லாதவளும் நான் என்றேன். அவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை, எப்போதிலிருந்து, கடைசியாக எப்போது என்று வேகவேகமாகக் கேட்டு எழுதினார். "மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றீர்களே!" என்று கணவரைப் பார்த்துக் கேட்டார். அவர் திகைத்துப்போய், "அது மருந்தா சார்? சத்துப் பவுடருன்னுதான் சொன்னா" என்றார்.

டாக்டர் பெரிய டாக்டரை அழைத்து வந்தார். இருவரும் ஓரமாக நின்று பேசினார்கள். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையை நிறுத்தி வைத்து, முதலில் வைட்டமின் டி அளவைப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரத் தாமதமாகும், ஆனால் இவ்வளவு தூள் உள்ளே போயிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும், சரியான நேரத்தில் தெரிந்தது என்று பெரிய டாக்டர் சொன்னார். கணவர் அவர் பின்னாலேயே வாசல் வரை போய், "கேன்சர் இல்லையா சார்? இல்லையா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு வந்தார். வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்த மனிதர் அவர். அப்படி அழுவார் என்று நான் நினைக்கவில்லை.

அடிப்பார், திட்டுவார் என்றுதான் காத்திருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"நேத்து சாயங்காலம்" என்றேன். வேறு பொய் சொல்லத் தெம்பில்லை.

அவர் சத்தம் போடவில்லை. "நேத்து ராத்திரி எம் பொண்ணு தூங்கவே இல்லம்மா. அம்மா செத்துட்டா நம்ம இன்னா பண்றதுன்னு கேட்டுகினே இருந்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் என்னை அறைந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ரத்தப் பரிசோதனையும் டாக்டர்கள் சொன்னதையே சொன்னது. அக்காவுக்கு நாள் முழுக்கச் சலைன் ஏற்றினார்கள், கால்சியத்தைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள். பால், தயிர் எல்லாம் நிறுத்தப்பட்டன. உடம்பில் சேர்ந்துவிட்ட தூள் லேசில் வெளியேறவில்லை. இரண்டு வாரம் ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் மூன்று மாதம் வீடு. சிறுநீரகம் நல்லவேளையாகத் தேறிவிட்டது. நான் தினமும் மாலையில் போவேன். கணவர் என்னிடம் பேச மாட்டார், ஆனால் ஸ்டூலை நகர்த்திப் போடுவார்.

அக்காவுக்குத் தெளிவு வந்த பிறகு ஒருநாள், நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, அவர் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அட போடி. நீ நல்லதுக்குத்தான குடுத்தே. நானும் ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருக்கணும். நம்ம பெட்டியில அந்தப் புதுப்பொண்ணுக்கு வேற சொல்லி வெச்சேன் பாரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். ஆனால் பாதியை மறைத்து மன்னிப்பு வாங்க மனம் வரவில்லை. முதல் நாள் மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு போனேன் என்று சொன்னேன்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என் கையைத் தட்டி, "அத மட்டும் எம் பொண்ணுகிட்ட சொல்லாத. அவளுக்கு உன்ன ரொம்பப் புடிக்கும்" என்றார். அவர் கணவரும் அதை மகளிடம் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பவுடர் கொடுத்தது நான் என்று தெரிந்தும், அவள் மனதில் நின்ற செய்தி ஒன்றுதான். ஆன்ட்டி காலையில் ஓடி வந்து டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார், அதனால் அம்மா பிழைத்தார்.

அதன் பிறகு நான் யாருக்கும் ஒரு தலைவலி மாத்திரைகூடக் கொடுத்ததில்லை. யாராவது கேட்டால் எங்கள் அல்சூர் டாக்டரின் விலாசத்தைக் கொடுப்பேன், வேண்டுமானால் கூடப் போய் உட்காருவேன். அந்த மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. என்னை எழுப்பி நடக்க வைத்ததும் அதே தூள்தான். டாக்டர் எனக்குச் சொன்னதில் பாதியைத்தான் நான் அக்காவுக்குச் சொன்னேன், கெடுத்தது நான் சொல்லாமல் விட்ட மறுபாதிதான்.

அக்கா இப்போது வேலையை விட்டுவிட்டு நன்றாக இருக்கிறார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி மல்லேஸ்வரத்தில் இருக்கிறாள். வீட்டு விசேஷம் எதுவானாலும் என்னைக் கூப்பிடாமல் இருக்க மாட்டாள். கணவன் வீட்டாரிடம், "அன்னிக்கு இவங்க வரலன்னா எங்கம்மா இல்ல" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அறிமுகப்படுத்துவாள். அவள் சொல்வது அந்தக் காலையை. எனக்கு ஒவ்வொரு முறையும் ஞாபகம் வருவது அதற்கு முந்தைய மாலை, அவள் என்னிடம் நிஜத்தைக் கேட்டதும் நான் சாமியைக் காட்டிவிட்டு நழுவியதும்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேரைப் போல அவளும் தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படித்ததால் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதியிருக்கிறேன். என்றைக்காவது ஒருநாள் அவளை எதிரில் உட்காரவைத்து நானே இதைப் படித்துக் காட்ட வேண்டும். அதுவரை, அவள் எனக்கு நன்றி சொல்லும் ஒவ்வொரு முறையும், அன்று மாலை நான் அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் எனக்குள் உறுத்திக்கொண்டு கிடக்கும்.